ஸ்கோர் நோட்டு யாரு கையில இருக்கோணும்?

காங்கேயம் பக்கம் ஒரு ரைஸ் மில்லுல நான் கணக்கு எழுதறேன். அங்க லோடு ஏத்தறப்ப மூட்டை எண்ணி சீட்டுல கோடு போடறவங்க இருக்காங்களே, அவங்கள்ல நெறைய பேரு அஞ்சாவதுக்கு மேல பள்ளிக்கூடம் போகாதவங்க. ஆனா 25 கிலோ சிப்பம் 340 ஏத்தியாச்சு எத்தனை டன்னுங்கன்னு கேட்டா நான் கால்குலேட்டர தேடறதுக்குள்ள எட்டரைன்னு சொல்லிருவாங்க. அதே எடத்துல நாள் பூரா நின்னு வேடிக்கை பாக்கற டிரைவருக்கு அந்த கணக்கு வராது. சீட்டு எழுதறவங்களுக்குத்தான் வரும்.

போர்டு கேம் வெச்சு புள்ளைங்களுக்கு சொல்லிக்குடுக்கறத பத்தி எழுதுன்னு எங்க நங்கையா, அதாவது அண்ணன் சம்சாரம், ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்காங்க, அவங்க பிரைமரி ஸ்கூல் டீச்சரு. எனக்கு இதுல சொல்றதுக்கு இருக்கறது பெருசா ஒண்ணுதான். ஸ்கோர் எழுதறது, பேங்க் பாக்கறது, ரூல் படிச்சு சொல்றது, ஆட்டம் முடிஞ்சா எண்ணி எடுத்து வெக்கறது, இந்த நாலு வேலையும் புள்ளைங்க கையில இருக்கோணும். நாம பாத்தா நமக்குத்தான் பழக்கம், புள்ளைங்க சும்மா காய நகத்திட்டு அடுத்தது என் டர்ன் எப்பன்னு உக்காந்திருக்கும்.

எங்க வீட்டுல பொண்ணு ஆறாவது, பையன் ரெண்டாவது. அத்தை மாமா எங்ககூடத்தான் இருக்காங்க, வீட்டுக்காரருக்கு தேங்காய் களத்துல வேலை, அவரு வர ஏழரை எட்டு ஆயிரும். பொழுதோட ஆறு மணிக்கு மேல மாட்டு வேலை முடிஞ்சு அத்தை தாவாரத்துல வந்து உக்காருவாங்க பாருங்க அப்ப இருந்து சோறு போடற வரைக்கும் இருக்கற அந்த நேரந்தான் எங்களுக்கு ஆட்ட நேரம். டெய்லி எல்லாம் இல்லீங்க, பரீட்சை டைம்ல கூட ஆடுவோம், சில வாரம் சுத்தமா ஆட மாட்டோம். டைம்டேபிள் போட்டா அதுவும் ஒரு டியூஷன் ஆயிரும்.

சின்னவனுக்கு ஆரம்பிச்சது பரமபதத்துல, பாம்பு ஏணி. இதுல என்ன இருக்குது வெறும் அதிர்ஷ்டம்தானேன்னு நானும் நெனச்சுட்டு இருந்தேன், நங்கையாதான் ஒரு விஷயம் சொன்னாங்க. காய் 37-ல நிக்குது, பகடைல 5 விழுந்துச்சுன்னா எல்லா புள்ளைங்களும் "ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு"ன்னு எண்ணித்தான் நகத்தும். அப்படி விடக்கூடாதாம், "38, 39, 40, 41, 42"ன்னு கட்டத்துல இருக்கற நம்பரையே சொல்லி நகத்த வெக்கோணுமாம். அமெரிக்கால ராபர்ட் சீக்லரும் கீதா ராமணியும் 2008-ல இத பத்தி எழுதியிருக்காங்க, வசதியில்லாத வீட்டு சின்ன புள்ளைங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு 1-ல இருந்து 10 வரைக்கும் நேர்கோட்டுல நம்பர் போட்ட பலகை, இன்னொரு குரூப்புக்கு அதே மாதிரி பலகை ஆனா நம்பருக்கு பதிலா கலர். ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு சில தடவை கொஞ்ச கொஞ்ச நேரம் ஆடுனதுலயே நம்பர் பலகைல ஆடுன புள்ளைங்களுக்கு எந்த எண் பெருசு, எது எங்க இருக்கும்ங்கற தெளிவு கூடியிருந்துச்சு, கலர் பலகை குரூப்புக்கு அப்படி ஒண்ணும் மாறல. அப்புறம் 2014-ல எலிடா லாஸ்கியும் சீக்லரும் நூறு கட்டம் இருக்கற பலகைல பாத்தப்ப, கட்டத்து நம்பர சொல்லி நகத்துன புள்ளைங்கதான் கத்துக்கிட்டாங்க, ஒண்ணு ரெண்டுன்னு முதல்ல இருந்து எண்ணுனவங்களுக்கு அந்த பலன் இல்ல. ஒரே பலகை, ஒரே பகடை, வாய்ல சொல்றது மட்டும் வேற.

இத வீட்டுல கொண்டாரதுக்கு கொஞ்சம் மல்லுக்கட்டத்தான் வேணும். அவன் "ஒண்ணு ரெண்டு"ன்னு ஆரம்பிப்பான், அக்கா "நம்பர சொல்றா"ன்னு கத்துவா, அவன் காய தூக்கி எறிவான். அதனால அதையே ரூல் ஆக்கியாச்சு, யாரு கட்டத்து நம்பர சொல்லாம நகத்தறாங்களோ அவங்க பழைய எடத்துக்கே போகோணும், பெரியவங்களுக்கும் இதே ரூல்தான். எங்க மாமனாரு ரெண்டு மூணு தடவ மாட்டுனதுக்கப்புறம் பையனுக்கு வந்த உற்சாகம் இருக்குதே, அவரு வாயையே பாத்துட்டு உக்காந்திருப்பான், "அப்பாருங், நீங்க 64 சொல்லலீங், திரும்பப் போங்"ன்னு. அப்பாரு சொல்றது சரியா தப்பான்னு பாக்கோணும்னா இவனுக்கு அந்த நம்பரு தெரிஞ்சிருக்கோணும்ல.

பகடையும் அப்படித்தான், புள்ளிய விரல் வெச்சு எண்ணிட்டே இருந்தவன் இப்ப பாத்த ஒடனே சொல்லிருவான். ஒரு நா பகடைய கண்ணுகிட்ட வெச்சு திருப்பித் திருப்பி பாத்துட்டு இருந்தான், என்னடா சாமின்னேன், "அம்மா மேல 6 இருந்தா அடில 1, மேல 5 இருந்தா அடில 2, எல்லாம் ஏழு"ன்னான். எதிரெதிர் பக்கம் கூட்டுனா ஏழு வர்ற மாதிரிதான் பகடை செய்யறாங்க, பெரியவங்கள்ல பாதிப்பேருக்கு இது தெரியாது. அன்னைக்கு இருந்து அவனோட வேலை பகடை விழுந்ததும் அடில என்ன இருக்குதுன்னு சொல்றது. ஏழுல இருந்து கழிக்கறதுக்குன்னு தனியா ஒர்க்‌ஷீட் போடவே இல்ல. ரெண்டு பகடை வெச்சு கூட்டறது அதுக்கப்புறம் வந்துச்சு, இப்ப சில நா பெரிய பகடைல இருந்து சின்னத கழிச்சு அவ்வளவுதான் நகத்தோணும்னு ஆடறாங்க, ஆட்டம் இழுக்குது ஆனா பாம்புகிட்ட நிக்கறப்ப நல்லா இருக்கும்.

இனி தாயத்துக்கு வாரேன், எங்க வீட்டுல ராஜா ஆட்டம் அதுதான். அத்தை கல்யாணத்துல கொண்டாந்த பித்தள தாயக்கட்டை ரெண்டு இருக்குது, நீளமா நாலு பட்டையா, ஒரு பட்டைல ஒண்ணும் இருக்காது, மத்த மூணுல 1, 2, 3 புள்ளி. ரெண்டையும் உள்ளங்கைல தேச்சு உருட்டோணும். ஒண்ணு விழுந்தா தாயம், அது விழுந்தாத்தான் காய் எறங்கும். ரெண்டும் வெறுமையா விழுந்தா பன்னெண்டு. 1, 5, 6, 12 விழுந்தா இன்னொருக்கா உருட்டலாம். பெருக்கல் குறி போட்ட கட்டத்துல உக்காந்துட்டா வெட்ட முடியாது, எதிராளி காய ஒண்ணாவது வெட்டுனாத்தான் உள் சுத்துக்கே போக முடியும், கடைசில காய் நடுக்கட்டத்துக்கு போய் சேர்ந்தா பழம். சாக்பீஸ்ல தாவாரத்துல கோடு போட்டாச்சுன்னா செலவே கெடையாது.

இதுல என் பொண்ணுக்கு தாயமே விழாது, அதாவது விழலைன்னு அவ நெனப்பு. அப்பத்தாளுக்கு மட்டும் விழுதுன்னு மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவா, அத்தையும் சும்மா இருக்க மாட்டாங்க, "மாரியாத்தாள கும்புட்டு போடோணும் கண்ணு"ன்னு எகத்தாளமா சொல்லுவாங்க. சரி அப்ப எழுதிப் பாரு, யாருக்கு என்ன விழுதுன்னு கோடு போடுன்னு கிழிச்ச காலண்டர் தாள் பின்பக்கத்த குடுத்தேன். மில்லுல மூட்டைக்கு போடற மாதிரியே நாலு கோடு நின்னு, அஞ்சாவது கோடு குறுக்க. தாள் நெறையறப்ப பாத்தா அப்பத்தாளுக்கும் இவளுக்கும் தாயம் ஏறக்குறைய ஒரே அளவுதான், ஆனா வேற ஒண்ணு கண்ணுக்கு தெரிஞ்சுச்சு, 3-க்கு நேரா மட்டும் கோடு எக்கச்சக்கமா இருக்குது, 12-க்கு நேரா சொச்சம்தான். ஏம்மா 3 மட்டும் இவ்வளவு விழுதுன்னு அவளே கேட்டா.

இந்த எடத்துல பதில் சொல்லிரக்கூடாது. ஒரு கட்டைக்கு மேல 0, 1, 2, 3-ன்னு எழுது, இன்னொரு கட்டைக்கு எடப்பக்கம் கீழ வரிசையா 0, 1, 2, 3 எழுது, நடுவுல கட்டம் போட்டு கூட்டி நிரப்புன்னு மட்டும் சொல்லிட்டு நான் ரசம் தாளிக்க போயிட்டேன். மொத்தம் 16 கட்டம். 3 நாலு எடத்துல வருது. 2-ம் 4-ம் மும்மூணு எடம். தாயம் ரெண்டு எடம், அஞ்சும் ரெண்டு எடம். ஆறு ஒரே எடம், ரெண்டும் வெறுமையா விழற பன்னெண்டு ஒரே எடம். அவ ஓடியாந்து "தாயம் எட்டுக்கு ஒண்ணும்மா, லூடோல ஆறு ஆறுக்கு ஒண்ணு, அதான் லூடோல சீக்கிரம் காய் எறங்குது"ன்னா. நெகழ்தகவுன்னு அந்த பாடம் பள்ளிக்கூடத்துல வர்றதுக்கு இன்னும் நாள் கெடக்குது, வர்றப்ப அவளுக்கு அது இந்த பித்தள கட்டையாத்தான் தெரியும். இன்னொரு கணக்கும் போட்டா, திரும்ப உருட்டற சான்ஸ் 16-ல 6, அதனால ஒருத்தருக்கு விழ ஆரம்பிச்சா வரிசையா விழற மாதிரி தெரியறது மாரியாத்தா வேலை இல்லீங்கன்னு அப்பத்தாகிட்ட போய் வெளக்கம். அத்தை ஒத்துக்கல. இன்னைக்கு வரைக்கும் கும்புட்டுத்தான் போடறாங்க.

காய் எங்க நிக்கறது சேப்டிங்கறதுலயும் அந்த கட்டத்த பாத்து ஆட ஆரம்பிச்சுட்டா. எதிராளிக்கு மூணு கட்டம் முன்னாடி நின்னா வெட்டு வாங்க வாய்ப்பு எச்சு, ஆறு கட்டம் முன்னாடி நின்னா கம்மி. இதையெல்லாம் நான் சொல்லிக்குடுக்கல, எனக்கே தெரியாது.

தாயத்துல நடந்த இன்னொரு கூத்து ரூல் சண்டை. எங்கம்மா ஊரு பொள்ளாச்சி பக்கம், லீவுக்கு அங்க போனா அமுச்சிகிட்ட ஒரு ரூலு, இங்க அப்பத்தாகிட்ட வேற ரூலு. வெட்டு வாங்குன காய் திரும்ப எறங்க தாயமே வேணும்ங்கறது இங்க, அங்க அஞ்சு போட்டாலும் எறங்கலாம். நோம்பிக்கு ஒறம்பரை எல்லாம் வந்தப்ப ரெண்டு பாட்டிமாரும் ஒரே தாவாரத்துல உக்காந்து ஆடி அது எங்க போய் முடிஞ்சிருக்கும்னு நீங்களே நெனச்சுக்குங்க. அன்னைக்குத்தான் பொண்ணுகிட்ட ஒரு நோட்டு குடுத்து ரெண்டு ஊரு ரூலையும் எழுதி வெய்யின்னு சொன்னது. சும்மா எழுதுனா போதாது, அந்த நோட்ட மட்டும் படிச்சுட்டு தாயமே தெரியாத ஒருத்தரு ஆடோணும். பக்கத்து வீட்டு பையன், அவனுக்கு செல்போன் கேம் தவிர ஒண்ணும் தெரியாது, அவன்கிட்ட குடுத்தோம். முதல் வரிலயே நின்னுட்டான். "தாயம் போட்டால் காய் இறக்க வேண்டும்"னு எழுதியிருக்கா, தாயம்னா என்னன்னே எழுதல. எங்க எறக்கறது, எந்தப் பக்கமா சுத்தறது, ஒண்ணுமில்ல. அவ அழிச்சு அழிச்சு எழுதுனா, அவன் கேட்டுக்கிட்டே இருந்தான். கட்டுரை நோட்டுல நம் தேசத்தலைவர்கள்னு பக்கம் பக்கமா எழுதற புள்ளைக்கு ஒரு வேலைய தெரியாதவனுக்கு புரியற மாதிரி வரிசையா எழுதறது எவ்வளவு கஷ்டம்னு அப்பதான் தெரிஞ்சுச்சு. என்னைக் கேட்டா மொழிப்பாடத்துக்கு இதவிட நல்ல பயிற்சி இல்ல, ஆறாவது ஏழாவது படிக்கற புள்ளைங்க வீட்டுல இருந்தா இத கண்டிப்பா செஞ்சு பாருங்க.

பல்லாங்குழி எங்கம்மா குடுத்துவிட்ட மரப்பலகை. அது இல்லாட்டி முட்டை அட்டை போதும், ஏழு ஏழா ரெண்டு வரிசை வெட்டிக்கலாம், புளியங்கொட்டைக்கு நம்ம ஊர்ல பஞ்சமா. 14 குழி, குழிக்கு அஞ்சு போட்டா 70. ஒரு குழிய அள்ளி அடுத்த குழில இருந்து ஒவ்வொண்ணா போட்டுட்டே போகோணும், கை காலியானா அடுத்த குழிய அள்ளி திரும்பப் போடோணும், அடுத்தது காலியா இருந்தா அத வழிச்சுட்டு அதுக்கு அடுத்த குழில இருக்கறது நமக்கு. எந்தக் குழிலயாவது நாலு சேர்ந்தா பசு, அந்தப் பக்கத்துக்காரங்க எடுத்துக்கலாம், கவனிக்காம விட்டா போச்சு. இந்தப் பசுவுக்காகவே பையன் நாலு நாலா பாக்கப் பழகிட்டான், எண்ணறதே இல்ல, நாலுன்னா கைய வெச்சுருவான்.

ஆனா விசேஷம் ஆட்டத்துல இல்ல, முதல் ஆட்டம் முடிஞ்சு ரெண்டாவது ஆட்டத்துக்கு குழி நிரப்பறதுல இருக்குது. ஒருத்தருக்கு 33 கொட்டை, இன்னொருத்தருக்கு 37. குழிக்கு அஞ்சா போட்டா 33-க்கு ஆறு குழி நெறையும், மீதி மூணு, ஒரு குழி காலி. 37-க்கு ஏழு குழியும் நெறஞ்சு மீதி ரெண்டு. ரெண்டாவது படிக்கற பையனுக்கு வகுத்தல்னா என்னன்னே தெரியாது, ஆனா கொட்டைய எண்ணுன ஒடனே எத்தனை குழி நெறையும் எத்தனை மிஞ்சும்னு சொல்றான். பொண்ணு அடுத்த கட்டத்துக்கு போயிட்டா, எந்தக் குழிய எடுத்தா கடைசிக் கொட்டை எங்க விழும்னு எடுக்கறதுக்கு முன்னாடியே பாத்து வெச்சுக்கறா. "பதினாலு கொட்டை சேர்ந்த குழிய எடுத்தா ஒரு சுத்து சுத்தி எடுத்த குழிக்கே வந்து நிக்கும்மா"ன்னு ஒரு நா சொன்னா. ஆமால்லன்னு நான் கொட்டைய போட்டுப் பாத்தேன், சரியாத்தான் வந்து நிக்குது.

கணக்கு எழுதறவ கை சும்மா இருக்குமா, எல்லா ஆட்டத்துக்கும் ஒரு டேலி வெச்சுட்டேன். பல்லாங்குழில ரெண்டு பேரு கொட்டையும் கூட்டுனா 70 வரோணும். கேரம்ல கருப்பு 10, வெள்ளை 20, செவப்பு 50-ன்னு ஆடறோம், கருப்பு ஒம்போது வெள்ளை ஒம்போது, அப்ப எல்லாரு பாயிண்டையும் கூட்டுனா 320 வந்தாகோணும். வல்லைன்னா எங்கயோ தப்பு, ஸ்கோர் நோட்டு வெச்சிருக்கறவங்கதான் கண்டுபுடிக்கோணும், அதுவரைக்கும் அடுத்த போர்டு கெடையாது. மூணு நாலு பேரு காத்துட்டு இருக்கறப்ப கூட்டல் சரி பாக்கற வேகம் தனி. தன்னோட தப்ப தானே தேடற பழக்கம் பரீட்சைல பேப்பர திருப்பிப் பாருன்னு சொல்லிச் சொல்லி வராதது, இதுல கொஞ்சம் வந்திருக்குது.

பிசினஸ் ஆட்டம், அதாவது மோனோபொலி மாதிரி எடம் வாங்கி வாடகை வசூலிக்கற ஆட்டம், அதுக்கும் அதேதான், பையன்தான் பேங்க். ஆரம்பத்துல பெரிய நோட்டெல்லாம் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டு நூறு வரைக்கும் இருக்கற நோட்ட மட்டும் குடுத்தோம், வெலையெல்லாம் பத்துல ஒண்ணாக்கிட்டோம், அக்கா பேங்க சரியா பாக்கறானான்னு ஆடிட்டர் மாதிரி உக்காந்திருப்பா. சில்லறை குடுக்கறப்ப கழிச்சுப் பாக்காம மேல ஏத்திக் குடுக்கறது, 65 ரூவாய்க்கு 100 குடுத்தா "65, 70, 100"ன்னு அஞ்சும் முப்பதுமா வெக்கறது, இது மளிகைக்கடை அண்ணங்ககிட்ட பாத்த பழக்கம், இவனுக்கு ஒட்டிக்கிச்சு. இந்த ஆட்டத்துல எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, ஒருத்தரு எடத்த எல்லாம் வாங்கிப் போட்டுட்டா மத்தவங்க வாடகை குடுத்தே காலி, கடைசி ஒரு மணி நேரம் தோத்தவங்க சும்மா உக்காந்திருக்கோணும். வேடிக்கை என்னன்னா மோனோபொலிக்கு மூலமான ஆட்டத்த எலிசபெத் மேகின்னு ஒரு அம்மா 1904-ல பேடண்ட் வாங்கினது, நெலத்த வளைச்சுப் போடறவங்களால மத்தவங்க எப்படி ஓட்டாண்டி ஆகறாங்கன்னு காட்டறதுக்குத்தான். நாம என்னடான்னா அத ஆடி புள்ளைய சைட் வாங்கப் பழக்கறோம். இங்க பைபாஸ் ஓரம் ரேட்டு போற போக்குல அதுவும் தேவைதான் போல. எப்படியோ, சோறு வேகற வரைக்கும்தான் ஆட்டம், விசில் வந்ததும் அவங்கவங்க காசையும் எடத்து வெலையையும் கூட்டி எழுதோணும், எச்சா இருக்கறவங்க ஜெயிச்சாங்க. யாரும் அழறதில்ல, கூட்டலும் ஆச்சு.

ஆடுபுலி ஆட்டத்துல கூட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, மூணு புலி, பதினஞ்சு ஆடு, 23 புள்ளி. ஆனா யோசிக்கறதுக்கு இதுக்கு மேல எதுவும் இல்லைங்கறது என் எண்ணம், செஸ்ஸு உள்பட. செஸ்ல ரெண்டு பக்கமும் ஒரே படை, இதுல ரெண்டு பேருக்கும் வேற வேற குறி, புலி ஆட்ட தாண்டி வெட்டோணும், ஆடு புலிய அசைய விடாம அடைக்கோணும். ஒரே சாயங்காலம் ரெண்டு பக்கமும் மாறி மாறி ஆடோணும், அதுதான் முக்கியம். புலியா ஆடுனவனுக்கு எந்த எடம் காலியா இருந்தா தாண்டலாம்னு தெரியும், அடுத்து ஆடா வர்றப்ப அந்த எடத்த அடைச்சு வெக்கோணும்னு தானா வரும். ஆட்ட தனியா விடாம பின்னாடி ஒண்ணு முட்டுக்குடுத்து வெக்கறதுக்கு எங்க மாமனாரு "ஜோடி கட்டறது"ம்பாரு. அவரு சின்ன வயசுல ஆடு மேய்க்கறப்ப பாறைல கோடு கிழிச்சு ஆடுனவரு, இதுல அவர யாரும் ஜெயிக்க முடியாது, தாயத்துல மட்டும் அழுகுணி ஆட்டம் ஆடுவாரு, கட்டைய காலால நகத்தறத நானே பாத்திருக்கேன்.

தமிழுக்கு எழுத்து ஆட்டம், எழுத்து அட்டைய சேத்து வார்த்தை வெக்கறது, நாங்களே செஞ்சது, திருப்பூர்ல இருந்து வர்ற பனியன் டப்பா அட்டைய சதுரஞ் சதுரமா வெட்டி. மொத்தம் 247 எழுத்துன்னு எல்லாத்தையும் வெட்டாதீங்க, ஙௌ வெச்சு யாரு என்ன செய்யறது. ஒரு தமிழ்ப் புத்தகத்துல ஏதாச்சும் ஒரு பக்கத்த எடுத்து எந்த எழுத்து எத்தனை தடவ வருதுன்னு புள்ளைங்கள கோடு போடச் சொல்லுங்க, பொண்ணு தாயத்துக்கு போட்ட அதே கோடுதான். க, த, ப வரிசையும் கு, து, டு, ம், ன், ல், ர் மாதிரி வார்த்தைய முடிக்கற எழுத்தும்தான் நெறைய வேணும், நாங்க ம்-ம் து-ம் பத்தாம ரெண்டாவது தடவ வெட்டுனோம். எதுவும் எழுதாத அட்டை நாலு போட்டுக்குங்க, எந்த எழுத்துக்கு வேணா வெச்சுக்கலாம்னு. சண்டை எங்க வரும்னா ர ற, ல ள ழ, ன ண. பையன் "பரவை"ன்னு வெச்சுட்டு பறவைம்பான். பெரியவங்க தப்பு சொல்லக்கூடாது, அகராதிய எடுத்து சந்தேகம் கெளப்பறவங்கதான் தேடிக் காட்டோணும், காட்டுனா அவங்களுக்கு பாயிண்ட், காட்ட முடியலைன்னா வெச்சவங்களுக்கு. அவன் வெச்ச பரவைக்கு கடல்னு ஒரு அர்த்தம் அகராதில இருந்துச்சு, பாயிண்ட் அவனுக்குத்தான் போச்சு, அக்காவுக்கு ஆத்திரம் தாங்கல. அன்னைக்கு இருந்து தெரியாத வார்த்தைய தேடி வெக்கறதுலயே குறியா இருக்கான். அப்பத்தா சொல்ற இட்டாரி, வட்டல் மாதிரி எங்க பக்கத்து பேச்சு வார்த்தையெல்லாம் செல்லுமான்னு ஒரு பஞ்சாயத்து, செல்லும்னு தீர்ப்பு.

இதுல ஒரு வகை எனக்கு சுத்தமா புடிக்காதது, எஜுகேஷனல் கேம்னு பெரிய டப்பால ஆன்லைன்ல விக்கறாங்களே, அட்டைய எடு, கேள்வி படி, பதில் சொன்னா ரெண்டு கட்டம் போ. ஒண்ணு வாங்குனோம், எந்த கம்பெனின்னு எதுக்கு. 7 x 8 எத்தனைன்னு கேக்கறதுக்கு ஒரு பலகையும் நாலு பொம்மையும் எதுக்கு, அது பரீட்சைதான், கலர் அடிச்ச பரீட்சை. தெரிஞ்சவ முன்னாடி போறா, தெரியாதவன் நின்ன எடத்துலயே நிக்கறான். தாயத்துல அப்படி இல்ல, ரெண்டாவது படிக்கறவன் அறுபது வயசு அப்பத்தாள வெட்டலாம். வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க, கணக்கு தெரியாத புள்ளை இந்த ஆட்டத்த ஜெயிக்க முடியுமா? முடியும்னா வாங்குங்க.

அழுகைய பத்தி சொல்லாம விட்டா சரியா இருக்காது. சின்ன புள்ளை தோத்தா அழும், பலகைய கவுத்து விடும். அழறானேன்னு வேணும்னே தோத்துப் போறது எங்க வீட்டுக்காரரு பழக்கம், பையன் ரெண்டே ஆட்டத்துல கண்டுபுடிச்சுட்டான், "அப்பா நெசமா ஆடறதில்ல, அவரு வேண்டாம்"னு ஒதுக்கி வெச்சுட்டான். அதுக்கு பதிலா எல்லாருக்கும் தெரியறாப்புல சலுகை குடுத்துருங்க. செஸ்ஸுன்னா பெரியவங்க ராணி இல்லாம ஆடறது, ஆடுபுலின்னா பெரியவங்க புலியா இருக்கறப்ப ரெண்டு ஆடு எச்சா குடுக்கறது, எழுத்து ஆட்டத்துல அவனுக்கு ரெண்டு அட்டை கூட. எவ்வளவு சலுகைங்கறத அவன்கிட்டயே கேளுங்க, கூச்சப்பட்டு கம்மியாத்தான் கேப்பான். ஜெயிக்க ஜெயிக்க அவனே கொறைச்சுக்குவான். சலுகை குடுத்தாச்சுன்னா அப்புறம் எரக்கம் பாக்காம முழு ஆட்டம் ஆடுங்க.

அதே மாதிரி அவன் ஒரு காய நகத்தப் போறப்ப "அங்க வெக்காதடா"ன்னு சொல்ற வாய கட்டிப் போடறதுக்கு எங்க வீட்டுல ஒரு கட்டுப்பாடு, வாய விட்டவங்க பாத்திரம் கழுவோணும். வாரத்துல பாதி நாளு மாமனாரு கழுவறாரு.

மார்க் ஏறுச்சான்னு நங்கையா கேட்டாங்க, நீங்களும் கேப்பீங்க. பொண்ணுக்கு கணக்குல கொஞ்சம் ஏறிருக்குது, அது ஆட்டத்தாலயா, புது டீச்சராலயா, வயசாலயான்னு நான் எப்படி சொல்றது. பையனுக்கு எழுதறது இன்னும் கோழி கிண்டுன மாதிரிதான். ஆனா ஹோம்ஒர்க் கணக்குல விடை வந்ததும் நோட்ட மூடாம கூட்டிப் பாத்து டேலி ஆகுதான்னு முணுமுணுத்துட்டு உக்காந்திருக்கறான், அத நான் கண்ணால பாக்கறேன்.

இப்போதைக்கு எங்க பிரச்சனையெல்லாம் அந்த ரூல் நோட்டுதான். அதுல காங்கேயம் பக்கத்து ரூல் ஒண்ணு, பொள்ளாச்சி பக்கத்து ரூல் ஒண்ணு, மில்லுல தாராபுரத்துக்கார அக்கா ஒருத்தங்க சொன்னது மூணாவதா ஏறிருக்குது, அவங்க ஊர்ல பன்னெண்டு விழுந்தாலும் காய் எறங்குமாம். அந்த ரூல்ல ஆடுனா காய் எறங்கற சான்ஸ் 16-ல 2-ல இருந்து 3 ஆயிருதுன்னு பொண்ணு கணக்கு போட்டு வெச்சுட்டு, இனிமே அதுலதான் ஆடோணும்னு நிக்கறா, அத்தை முடியவே முடியாதுங்கறாங்க. உங்க ஊர்ல எப்படிங்க, தாயம் மட்டுந்தானா?